முதுகில் கண் வைத்த விமானமும் அண்ணனின் லயமும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் பார்க்க ஒரு கண்ணும், பார்த்ததைச் சுட ஒரு துப்பாக்கியும் இருந்தால் ஒருவனை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று நான் நம்பினேன். துப்பாக்கி இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, கண் போதும் என்று பிற்பாடு அதையும் குறைத்துக்கொண்டேன். நம்பியபோது எனக்குப் பள்ளிக்கூட வயதில்லை. மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும் வயது.

இப்படி நம்பவைத்தது ஒரு விமானம். ஜெர்மன்காரர்கள் இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் செய்த ஜெட் விமானம். பெயர் என் வாயில் நுழையாது. நுழைந்தாலும் உங்களுக்கு எதற்கு?

கத்திக்குக் கீழே மாட்டிக்கொண்ட உண்மை

பதுளையில் நான் சலூன் திறந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்திருப்பீர்கள். இதுவும் அதே சலூனில்தான் தொடங்கியது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை நேரம். பஸ் நிலையத்துப் பக்கமிருந்து டீசல் புகையும் வடை பொரிக்கும் வாசமும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. சுவரில் மாட்டியிருந்த டிவியில், எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு யாரோ தமிழில் கத்திக்கொண்டிருந்தார். "முன்னால் பறந்துகொண்டே பின்னால் சுடும் அதிசய விமானம்!"

நாற்காலியில் நுரை பூசிய முகத்தோடு தவராசா ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். காணிப் படம் வரையும் உத்தியோகத்துக்குப் பதுளைக்கு வந்து, இங்கத்தைய குளிர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டவர். ஓய்வு நேரமெல்லாம் பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டிக்கொண்டிருப்பார். வீட்டு அலுமாரியில் உடுப்பை விட விமானம் அதிகம் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். ஊரில் அவருக்குப் பெயர் பிளேன் ஐயா.

அப்படிப்பட்டவருக்கு நான் விமானப் பாடம் எடுத்தேன்.

"பாத்தீங்களா ஐயா, ஓட்டுறவன் ஒத்தை ஆளு. மூக்குல கண்ணாடிக் கூண்டுக்குள்ள மீன் மாதிரி உக்காந்திருக்கான். முதுகுக்குப் பின்னாடி எண்ணெய்த் தாங்கி, அடைச்ச உடம்பு. ஒரு ஜன்னல் கெடையாது. அதனால தலைக்கு மேல ஒரு குழாய். அதுல பின்பக்கம் தெரியும். வாலுல ரெண்டு துப்பாக்கி. குழாய்ல பாத்து விசையை அமுக்கினா துரத்திட்டு வர்றவன் காலி!"

"தம்பி, அதில வந்து..." என்று ஐயா வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க ஐயா. தொண்டைக்குழியில கத்தி நிக்குது."

"இல்லை, அந்தத் துவக்கு..."

"ஐயா, ரத்தத்தைப் பாத்தா எனக்கு மயக்கம் வரும். எனக்கு மயக்கம் வந்தா உங்களுக்குக் கழுத்து இருக்காது."

சவரம் முடிந்தபோது ஐயாவுக்குக் கந்தோருக்கு, அதாவது ஆபீசுக்கு, நேரமாகியிருந்தது. குடையை விரித்துக்கொண்டு, ஏதோ சொல்ல வந்ததை முழுங்கிக்கொண்டு போனார். என் தொழிலில் இது ஒரு வசதி. எதிராளியின் தாடையைப் பிடித்துக்கொண்டே நம் கட்சியைப் பேசலாம்.

அவருடைய அடுத்த சவரம் வரைக்குமான இடைவெளியில்தான் என் மடத்தனம் வேர் விட்டது.

பின்பக்கம் அடைத்த வீடு

அந்த விமானத்தைப் பார்த்ததும் எனக்கு அண்ணனின் லயம்தான் ஞாபகம் வந்தது. விமானத்துக்கும் லயத்துக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். லயத்தில் இருந்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

என் அண்ணன் கருப்பையாவும் சரோஜா அண்ணியும் நமுனுகுல பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார்கள். தோட்டத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். அங்கே ஏற்கெனவே எனக்கு நல்ல பெயர் இல்லை. லயம் என்றால் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் காம்பராக்கள், ஒற்றை அறை வீடுகள். முன்பக்கம் இஸ்தோப்பு, அதாவது ஆளுக்கு நாலடி வாசல். கதவும் முன்பக்கம், இருக்கிற ஒரே ஜன்னலும் முன்பக்கம். பின்பக்கம் முழுச் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், மலை.

லயத்தைக் கட்டிய வெள்ளைக்காரனுக்கு எங்கள் ஆட்கள் முன்னால் உள்ள, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தைப் பார்த்தால் போதும். காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறவனுக்குப் பின்பக்கம் எதற்கு? எல்லா வீட்டிலும் அடுப்பு அந்தப் பின்சுவரை ஒட்டித்தான். அண்ணி இத்தனை காலமும் ரொட்டி தட்டியது மலைக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு. ஆனால் மலையைப் பார்த்ததில்லை. பார்த்தது கரிபிடித்த சுவரைத்தான்.

ஒரு பெரிய மழைக்குப் பிறகு அந்த மலையில் கோடு விழுந்தது. அதை முதலில் கண்டது கொழுந்து எடுக்கப் போன பெண்கள். நேர்வரிசையாக நின்ற தேயிலைச் செடிகள் ஓரிடத்தில் ஒரு படி இறங்கி நின்றன. நான் தொழில் பழகியபோது வெட்டிய முதல் தலையின் பின்பக்கம் அப்படித்தான் இருந்தது. அந்த ஆள் தொப்பி வாங்கிக்கொண்டார். மலைக்கு யார் தொப்பி போடுவது?

அதிகாரிகள் வந்தார்கள். அளந்தார்கள். லயத்துச் சுவரில் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். இது ஆபத்தான இடம், பெரிய மழை பெய்தால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், வேறு இடத்தில் வீடு கட்டக் காணி தருவோம். மழைக்குப் பள்ளிக்கூடம் போனார்கள். வெயிலுக்குத் திரும்பி வந்தார்கள். காணி மட்டும் எந்தப் பருவத்திலும் வரவில்லை.

"அண்ணே, பேசாம எல்லாத்தையும் கட்டிக்கிட்டு எங்கிட்ட வந்துருங்க" என்று போனில் கெஞ்சினேன்.

"எங்கடா, உன் சலூனுக்கா? காலைல எந்திரிச்சா ஊரு முடியெல்லாம் வாயில இருக்கும்."

"வெளையாடாதீங்கண்ணே."

"நான் எங்கடா வெளையாடுறேன்?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "காணி குடுக்கும்போது லயத்துல இருக்கவனுக்குத்தான்டா குடுப்பாங்க. நான் அங்க வந்துட்டா, இவன் பதுளைக்காரன், தம்பி கடை வச்சிருக்கான், இவனுக்கு எதுக்குக் காணின்னு சொல்லிருவானுங்க. அண்ணிக்கும் தோட்டத்து வேலைல பேரு வெட்டிருவாங்க. மலைக்குக் கீழ இருக்கிற வரைக்கும்தான் எங்களுக்கு ஒரு வழி இருக்கு."

இன்னொரு தடவை மெதுவாகப் படித்துப் பாருங்கள். நானும் அப்படித்தான் பல தடவை நினைத்துப் பார்த்தேன். அங்கிருந்து தப்பிக்க வேண்டுமென்றால் அங்கேயே இருக்க வேண்டும்.

அரை மீசையின் ஓட்டம்

அந்த நாட்களில் என் பயத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதுளையில் தூறல் விழுந்தால் நமுனுகுலவுக்குப் போன். அங்கே வெயில் என்பார் அண்ணன். வெயில் அடித்தால் மண் காய்ந்து வெடிக்குமே என்று மறுபடி போன்.

"டேய், மலை வந்தா அதுவே உனக்குப் போன் போடும்டா. நீ வையி" என்பார்.

ஒருநாள் மொனராகலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கரும்புத் தோட்டக்காரர் நாற்காலியில் இருந்தார். கலியாண வீட்டுக்குப் போகிறாராம், மீசையை அழகாக ஒதுக்கச் சொன்னார். ஒரு பக்கம் ஒதுக்கி முடித்திருந்தேன். எதிர்க் கட்டடத்துக்குக் கருங்கல் ஏற்றி வந்த லொறி அந்த நேரம் பார்த்துத் தன் பெட்டியைத் தூக்கிக் கல்லைக் கொட்டியது.

எனக்குக் கேட்டது கல் இல்லை. "மலை!" என்று கத்திக்கொண்டு தெருவில் பாய்ந்தேன். கையில் கத்தி இருந்தது எனக்குத் தெரியாது. பஸ் நிலையம் வரை ஓடியபோதுதான் பின்னால் ஒருவர், கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி பறக்க, பாதி மீசையோடு ஓடி வருவது தெரிந்தது.

"ஏங்க, நீங்க ஏன் ஓடி வர்றீங்க?" என்றேன்.

"ஏன் ஓடுறோம்னு நீங்கதானய்யா சொல்லணும்" என்றார் மூச்சு வாங்க. "மீதி மீசை உங்க கையிலல்ல இருக்கு!"

கத்தியோடு ஓடுகிறவனைக் கண்டு ஒதுங்கிய சனம், அவனைத் துரத்தும் அரை மீசையைக் கண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். மீதி மீசையை என்னால் ஒதுக்க முடியவில்லை. பக்கத்துச் சலூனுக்கு அனுப்பிவைத்தேன்.

அன்றுதான் முடிவு செய்தேன். பயம் தெரியாததால் வருகிறது. பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். அண்ணனுக்கு ஒரு பெரிஸ்கோப் செய்துகொடுப்பது!

மலை பார்க்கிற குழாய்

சலூன்காரனுக்குக் கண்ணாடிப் பஞ்சம் இல்லை. பழைய கண்ணாடி ஒன்றைக் கடையில் கொடுத்து இரண்டு துண்டாக வெட்டி வாங்கினேன். ஹார்ட்வெயார் கடையில் ஒரு பருத்த பீவிசி குழாயும் அதை வளைக்க இரண்டு எல்போவும். கண்ணாடிகளைச் சாய்வாக வைத்து ஒட்டினேன். வேலை நடக்கையில் சலூனுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஒருவரும் முடி வெட்டவில்லை.

பசறை வழியாகப் போகும் பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். நட்ட நடுவில் அது ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது.

"அண்ணே, இவருக்கும் டிக்கெட் போடணுமா?" என்றார் கண்டக்டர்.

"இது மலை பாக்குற குழாய்ங்க."

"மலை பாக்க ஜன்னல் போதாதா?"

"ஜன்னல் இருக்கவங்களுக்குப் போதும்" என்றேன். நகைச்சுவையாகத்தான் சொன்னேன். கண்டக்டர் சிரிக்கவில்லை. அவர் அம்மா அப்பாவும் லுணுகலைப் பக்கம் லயத்தில்தான் இருந்தார்களாம். குழாய்க்குக் காசு வாங்கவில்லை.

லயத்துக் கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டுக் குழாயை இறக்கி, சுற்றிலும் தார் பூசினேன். மேல் வாய் மலையைப் பார்த்தபடி. கீழ் வாயைப் பின்சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். அண்ணன் கதவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, அந்த ஜெர்மன்காரனைப் போல, முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சர்க்கரை வியாதியில் கால் புண்ணாகி, தொழிற்சாலைக் காவல் வேலையை விட்டு வீட்டோடு இருப்பவர். மாடு ஒன்றை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து பார்க்க நேரம் உண்டு.

அண்ணன் கண்ணை வைத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, மலை தலகீழாத் தொங்குதுடா."

நான் பார்த்தேன். வானம் கீழே, மலை மேலே. தேயிலைச் செடிகள் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. பின்பக்கம் பார்க்க முகத்தை முன்பக்கம் வைத்தால் இரண்டு கண்ணாடி போதாது என்பது எனக்கு எங்கே தெரியும்?

"திருப்பி வைக்கிறேண்ணே."

"வேணாம், வேணாம், இப்படியே விட்டுரு" என்றார் அண்ணன். "தலகீழா இருந்தா மேல் பக்கமாத்தானே விழும்!"

லயமே சிரித்தது. அண்ணனுக்கு இந்தச் சிரிப்பு மூட்டும் வித்தை என்னைவிட நன்றாக வரும். எனக்குப் பத்திரிகையில் இடம் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கீழ் வாயை வாசல் பக்கம் திருப்பி, நாற்காலியைப் பின்சுவரைப் பார்க்கப் போட்டேன். மலை நிமிர்ந்தது. பக்கத்துக் காம்பரா பார்வதியக்கா முட்டி மோதிக்கொண்டு வந்து பார்த்தார்.

"இதுல கள்ளுத் தவறணை தெரியுமா? என் வீட்டுக்காரரு உள்ள இருக்காரா, வெளிய வந்துட்டாரான்னு பாக்கணும்."

"தவறணை முன்பக்கம்க்கா. இது பின்பக்கம் பாக்கிறது."

"அப்ப இது எதுக்கு எனக்கு?" என்று போய்விட்டார்.

கடைசியாக அண்ணி வந்தார். மாவு பிசைந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கண்ணை வைத்தார். அப்புறம் எடுக்கவே இல்லை.

"செடி இறங்கி நிக்கிறது எனக்குத் தெரியும். நான்தானே அதுல கொழுந்து எடுக்கிறேன்" என்றார் கடைசியில். "ஆனா இவ்வளவு கிட்டயா? அதுல நிக்கும்போது வீடு எங்கயோ கீழ இருக்கிற மாதிரி இருக்கும். என் அடுப்புக்கு நேர் மேலயா அது இருக்கு?"

அண்ணி அன்று சுட்ட ரொட்டியில் உப்பு இல்லை. மறுமுறை நான் போனபோது குழாயின் கீழ் வாயில் ஒரு துணி கட்டியிருந்தது. அண்ணன் பார்க்கும்போது அவிழ்ப்பாராம். அண்ணி சமைக்க வரும்போது கட்டிவிடுவாராம்.

பயம் தெரியாததால் வருகிறது என்று கண்டுபிடித்த மேதையை இப்போது உங்களுக்குத் தெரியும்.

பங்கர்

தவராசா ஐயா மறுபடி சவரத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே கையை நீட்டித் தடுத்தார்.

"முதல்ல என்னைக் கதைக்க விடும். பிறகு கத்தியை எடும்."

"சொல்லுங்க ஐயா."

"அந்தப் பிளேனில பின்னுக்குச் சுடுற துவக்கு இருந்தது படத்தில. பூட்டுறதுக்கு இடமும் விட்டவங்கள். ஆனா சண்டைக்குப் போன பிளேனுகளில அதைப் பூட்டினதுக்கு ஆதாரம் ஒண்டும் இல்லை."

"அப்ப குழாய்?"

"ஓம், குழாய் இருந்தது. அதையும் முன்னுக்குத் திருப்பிக் குண்டு போடக் குறி பாக்கப் பாவிச்சவங்கள். பின்னுக்குப் பாத்தா அவ்வளவாத் தெரியேல்ல எண்டுதான் ஓட்டிப் பாத்த ஆக்கள் எழுதியிருக்கினம்."

என் கையில் இருந்த தூரிகையில் நுரை வடிந்துகொண்டிருந்தது.

"அப்ப பின்னாடி எதிரி வந்தா அவன் என்னதான் செஞ்சான்?"

"என்ன செய்யிறது? ஓடினான். வேகமான பிளேன் தானே, ஓடினாப் பிடிக்க ஏலாது. ஆனா தம்பி, எவ்வளவு ஓடினாலும் இறங்கத்தானே வேணும்? இறங்கேக்க மெதுவாகும். அது எதிரிக்குத் தெரியும். துரத்த மாட்டான். இறங்கிற இடத்தில வந்து நிப்பான்."

நான் அண்ணனுக்குச் செய்துகொடுத்த குழாயைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கட்டும் என்றுதான் தலைகீழ் மலையையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நான் பள்ளிக்கூடம் போற காலத்தில எங்கட ஊருக்கு மேலால பிளேன் வரும். சத்தத்தைக் கேட்டே இது இன்ன பிளேன், இது குண்டு போடும், இது சும்மா சுத்திப்போட்டுப் போகும் எண்டு நாங்கள் பெடியள் சொல்லிப்போடுவம். அப்படித்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது. ஆனா அது எதுக்கு? பங்கருக்க ஓடுறதுக்கு. வீட்டு வளவுக்க பதுங்கிறதுக்கு வெட்டி வைச்ச பங்கர் இருந்தது. அது இல்லாட்டி, பாத்தென்ன, கேட்டென்ன?" நாற்காலியில் உட்கார்ந்தார். "உம்மட அண்ணருக்குப் பங்கர் எங்க?"

அவருடைய தாடையைத் தொட்டு மெதுவாகத் திருப்பினேன். நுரை பூசத் தொடங்கினேன்.

வந்தார்கள், பார்த்தார்கள், எழுந்தார்கள்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முடி வெட்டி முடித்ததும் கைக்கண்ணாடியைப் பின்னந்தலைக்குப் பின்னால் பிடித்து, முன் கண்ணாடியில் காட்ட வேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள். எல்லாரும் தலையை ஆட்டிச் "சரி" என்பார்கள். எழுந்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, இது கோணலாக இருக்கிறது, திருத்து என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. முகத்துக்கு முன்னால் உள்ள முடியென்றால் ஒரு மயிரிழைக்கும் சண்டை பிடிப்பார்கள்.

குழாயின் செய்தி பரவி ஆட்கள் வந்தார்கள். தோட்டத்துக் கந்தோரிலிருந்து ஒருவர் வந்து, அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். "அட, நல்லாத் தெரியுதே!" என்றார். சிவப்புத் தாள் ஒட்டிய அதிகாரிகளில் ஒருவர் வந்து பார்த்தார். அவர் குழாயின் வாயில் போனை வைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். அண்ணன் ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

"ஐயா, கோடு போன மாசத்தை விட அகலமா இருக்குங்க. தெரியுதுங்களா?"

"தெரியுது, தெரியுது."

"அப்ப அந்தக் காணி விசயம்ங்க..."

"மேல அனுப்பியிருக்கு. நீங்க இதுல பாத்துக்கிட்டே இருங்க. நல்ல வேலை செஞ்சிருக்கீங்க."

பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், எழுந்தார்கள். அண்ணி கொடுத்த சாயத்தண்ணித் தேநீரைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

"டேய் தம்பி," என்றார் அண்ணன் அன்று மாலை போனில், "முந்தி எனக்கு மட்டும்தான்டா மலை வர்றது தெரியாம இருந்துச்சு. இப்ப எல்லாருக்கும் தெரியுது. ஒண்ணும் கொறைச்சல் இல்ல."

வெள்ளை

அந்த நாள் பெரிய மழை நாள் அல்ல. முந்திய நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டு வெறித்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அன்றைய கூலிக்குப் பேர் விழ வேண்டுமே என்று பெண்கள் எதிர் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விட்டார்கள். அண்ணியும் போனார்.

காலை வேலை மும்முரத்தில் அண்ணன் போன் போட்டார்.

"குழாய்ல ஒண்ணுமே தெரியலடா. ஒரே வெள்ளையா இருக்கு."

"மூடுபனிண்ணே, மிஸ்டு."

"அது எனக்குத் தெரியாதா? வெளியவும் மிஸ்டு, உள்ள கண்ணாடியும் வேர்த்திருக்கு. என் கை எட்ட மாட்டேங்குது. ஒருநாள் வந்து கழட்டித் துடைச்சு வையி."

"மலைக்கும் சேத்து சவரம் பண்ணி விட்டுறவா?"

"பண்ணு. மீசைய மட்டும் பாதியில விட்டுட்டு ஓடாத" என்று சிரித்துக்கொண்டே வைத்தார்.

பார்க்கவேண்டிய நாளில் பார்க்கமுடியாது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. மழையும் மூடுபனியும் இல்லாத நாளில் மலை ஏன் வரப்போகிறது? வெயில் நாளில் மட்டும் வேலை செய்யும் கண்ணை நான் செய்துகொடுத்திருந்தேன்.

மறுபடி போன் வந்தபோது என் கையில் ஒரு தலை பாதியில் இருந்தது.

"வந்துருச்சுடா" என்றார் அண்ணன். பின்னால் பெண்கள் ஓலமிடும் சத்தம். "அண்ணி நல்லா இருக்கா. நானும் இருக்கேன். மாடு போயிருச்சு."

லொறிக் கல்லுக்குக் கத்தியோடு ஓடியவன் நான். அன்று ஓடவில்லை. பாதியில் நின்ற தலையை முடித்தேன். கைக்கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, "சரி" என்றார். துணியை உதறி மடித்துவைத்தேன். அதன் பிறகுதான் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நடந்ததைப் போய்க் கேட்டறிந்தேன். மலை வருவதைக் குழாயில் யாரும் பார்க்கவில்லை. எதிர் மலையில் இருந்த பெண்களும் பார்க்கவில்லை. பனிக்குள் அவர்களுக்குச் சத்தம்தான் கேட்டது. தேயிலை வேர்கள் அறுபடும் சத்தம். சீலை கிழிக்கிற மாதிரி இருந்தது என்றார் அண்ணி. எல்லாருமாகச் சேர்ந்து லயத்தைப் பார்த்துக் கத்தினார்கள். அந்தக் கத்தலில் லயம் முன்பக்கமாக ஓடியது. அண்ணனின் கால் அசையாமல் இருக்க, பார்வதியக்காவின் வீட்டுக்காரர் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்று அவர் தவறணைக்குப் போகாதது எல்லாருக்கும் அதிர்ஷ்டம்.

மலையின் ஒரு பாதிதான் வந்தது. லயத்தின் கடைசியில் இருந்த, ஆட்கள் கொழும்புக்கு வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த காம்பராக்களையும், கக்கூஸ் வரிசையையும், மாட்டுப் பட்டியையும் எடுத்துக்கொண்டு போனது. அண்ணனின் காம்பரா நின்றது. பின்சுவரில் இடுப்பளவு சேறு சாய்ந்திருந்தது. கூரைக்கு மேலே என் குழாய் ஒன்றும் தெரியாததுபோல நின்றுகொண்டிருந்தது.

இறங்கின இடம்

பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை ஒதுக்கிப் பாய் விரித்தார்கள். சோற்றுப் பார்சல் வந்தது, பழைய உடுப்பு வந்தது, படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். நான் கத்தியும் கத்தரியும் கொண்டுபோய் எல்லாருக்கும் சும்மா முடி வெட்டினேன். எனக்கு வேறென்ன தெரியும்? அண்ணனுக்குக் கடைசியில் வெட்டினேன். கண்ணாடியைப் பின்னால் பிடித்தேன்.

"வேணாம்டா" என்றார். "அந்தப் பக்கம் பாத்தது போதும்."

அண்ணி ஒரு மூலையில் உட்கார்ந்து கொண்டு மாட்டுக் கயிற்றைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். காலையில் மாட்டைப் புல் மேய்க்கக் கட்டி, பிறகு பட்டியில் விட்டபோது அவிழ்த்த கயிறு. கொழுந்து எடுக்கப் போகும்போது அதை இடுப்பில் சொருகிக்கொண்டு போயிருக்கிறார்.

"இனிமேலாவது காணி குடுப்பாங்களா தம்பி?" என்றார்.

"குடுப்பாங்க அண்ணி. மலையே சாட்சி சொல்லிருச்சே."

இதையும் நான் நம்பித்தான் சொன்னேன்.

சில வாரங்கள் கழித்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தது. மண்டபம் வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் படிக்க வேண்டாமா? அதற்கு யார் என்ன சொல்வது? அதிகாரிகள் வந்து, நிற்கிற காம்பராக்களைச் சுற்றிப் பார்த்து, சேற்றை அள்ளச் சொன்னார்கள். மழையில் கரைந்துபோன சிவப்புத் தாளுக்கு மேல் புதுச் சிவப்புத் தாள் ஒன்றை ஒட்டினார்கள்.

தவராசா ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "கத்தியை எடும்" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். அந்த விமானம் சண்டைக்குப் போனபோது அதன் வாலில் துப்பாக்கி இருக்கவில்லை. அண்ணனுக்குக் காணி கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கியதும் எல்லாரையும் அதே லயத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். போன கிழமை நான் போய்க் குழாயைக் கழற்றி, இரண்டு கண்ணாடிகளையும் துடைத்துத் திரும்பப் பூட்டிவிட்டு வந்தேன். மலையின் மற்றப் பாதி மேலே இருக்கிறது. அண்ணனும் அண்ணியும் கீழே இருக்கிறார்கள்.